லைன் ஸ்லோ இல்லை, சேர்வர்தான் தூரம்: ரிசீட் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள்



பாடசாலைக் கொம்பியூட்டர் லேபுக்குப் "பெரிய லைன்" எடுக்க வேண்டும் என்று ஊரில் ரிசீட் புத்தகம் சுற்றுகிறது. வட்ஸ்அப் குரூப்களிலும் போட்டாயிற்று. வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று கணக்கும் வந்துவிட்டது. இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கோபிக்கிறவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் பிரச்சினை என்னவென்று எல்லோருக்கும் விளங்க வேண்டும். லேபில் இருக்கும் மெஷின்கள் பழையவை. அதனால் மென்பொருள்களை அவற்றில் போடாமல், ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வரில் போட்டிருக்கிறார்கள். பிள்ளை இங்கே மவுஸை அழுத்தினால் அந்த அழுத்தல் ஜெர்மனிக்குப் போக வேண்டும். அங்கே மெனு திறந்து, அதன் படம் திரும்பி இங்கே வர வேண்டும். மெனு திறக்க ஐந்து, ஆறு செக்கன்ட். ஒரு எழுத்தை அடித்தால் அது எப்போது திரையில் தெரியும் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 40 நிமிடப் பாடத்தில் பாதி இப்படியே போகிறது. இதைச் செய்து தந்த கம்பனி சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "உங்கட லைன் ஸ்லோ, பெரிய பெக்கேஜ் எடுங்க." அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் இந்த வசூல்.

அந்த வசனம் சரியா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? இல்லை. அதுதான் எனது முறைப்பாடு.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த விடயம் ஒன்று. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால், எந்தப் படியில் தடுக்குகிறது என்று முதலில் கண்டுபிடி, அதற்குப் பிறகு கற்பி. கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டு அட்டை வாங்கிக் கொடுத்து என்ன பலன்? லேபுக்கும் இதே சட்டம்தான்.

"லைன் வேகம்" என்று நாங்கள் சொல்வதில் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு செக்கன்டில் எவ்வளவு டேட்டா போகும் என்பது ஒன்று. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் என்பது மற்றது. பெக்கேஜில் காசு கொடுத்து வாங்குவது முதலாவதை மட்டும்தான்.

உம்மா ஆணம் காய்ச்சும்போது உப்புக்கு ஒரு தடவை, மஞ்சளுக்கு ஒரு தடவை, கறிவேப்பிலைக்கு ஒரு தடவை என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறா என்று வையுங்கள். கடை இரண்டு மைல் தூரம். சமையல் பிந்துகிறது. அதற்காகச் சைக்கிளை விற்றுவிட்டு லொறி வாங்கிக் கொடுத்தால் சமையல் சுணங்காமல் முடியுமா? லொறியில் கூடுதல் சாமான் ஏற்றலாம். ஆனால் பிள்ளை கொண்டுவருவது ஒரு பக்கெட் மஞ்சள். தடவையும் குறையவில்லை, தூரமும் குறையவில்லை. நாங்கள் வாங்கப் போவது அந்த லொறியைத்தான்.

கணக்காகவே பார்ப்போம். பைபர் கேபிளுக்குள் வெளிச்சம் செக்கன்டுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து ஜெர்மனியின் பிராங்பேர்ட் நேர்கோட்டில் சுமார் 8000 கிலோமீற்றர். போய்வர 16,000. அதற்குக் குறைந்தது 80 மில்லிசெக்கன்ட் வேண்டும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ இடத்தில் நின்று போகிறது. லேபில் நான் பிங் போட்டுப் பார்த்தபோது 170க்குப் பக்கத்தில் வந்தது. உலகத்தில் எந்தக் கம்பனியின் எந்தப் பைபர் பெக்கேஜும் இதை 80க்குக் கீழே கொண்டுவராது. அது பௌதிகவியல்.

"170 மில்லிசெக்கன்ட் என்றால் கண் சிமிட்டும் நேரம்தானே?" என்று கேட்பீர்கள். ஒரு தடவை என்றால் சரிதான். ஆனால் எங்கள் லேபில் பாவிப்பது லினக்ஸில் இருக்கும் எக்ஸ்11 என்ற முறை. அதை எஸ்.எஸ்.எச். இணைப்புக்குள்ளால் கடத்துகிறார்கள். எக்ஸ்11 வந்தது 1987இல். ஒரே கட்டடத்துக்குள் கேபிளால் இணைத்த மெஷின்களுக்கு அது நல்ல முறை. ஒரு ஜன்னலைத் திறக்க அது கேள்வி மேல் கேள்வி கேட்கும்: இந்த எழுத்துரு இருக்கா, இந்த நிறம் இருக்கா, திரை எவ்வளவு பெரிசு? பல கேள்விகளுக்குப் பதில் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாது. 50 கேள்வி என்றால் 50 தடவை 170. எட்டரைச் செக்கன்ட். கட்டடத்துக்குள் போய்வர ஒரு மில்லிசெக்கன்ட் என்றால் அதே 50 கேள்வி ஒரு செக்கன்டில் இருபதில் ஒரு பங்கு. பிள்ளைகள் காத்திருக்கும் அந்த ஐந்து, ஆறு செக்கன்ட் எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கியிருக்கும்.

இன்னொரு விடயம். அந்தக் காலத்து மென்பொருள் "இங்கே ஒரு கோடு போடு, அங்கே ஒரு எழுத்துப் போடு" என்று சின்னக் கட்டளைதான் அனுப்பும். இன்றைய மென்பொருள் பலதும் எல்லாவற்றையும் தானே படமாக வரைந்து, அந்தப் படத்தை அனுப்புகிறது. ஆகவே கேள்வியும் அதிகம், சுமையும் அதிகம். லைன் நடுவில் அறுந்தால் திறந்திருந்த மென்பொருளும் மூடிவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும். உயர்தரப் பிள்ளை ஒன்று ஒரு பாடவேளை முழுக்க எழுதிய பைதன் நிரல் இப்படிப் போனால் அதற்கு யார் பொறுப்பு?

லைன் ஒருநாளும் காரணமாகாது என்று நான் சொல்லவில்லை. ஆகலாம். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். மூன்று சோதனை. காசு செலவில்லை, அரைமணி நேரம் போதும்.

ஒன்று. லேப் காலியாக இருக்கும்போது பிங் போடுங்கள். அப்போதே 150, 200 என்றால் அது தூரம். பெக்கேஜ் மாற்றிப் பலனில்லை.

இரண்டு. பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது பிங் போடுங்கள். 170ஆக இருந்தது 700, 800க்கு ஏறினால் லைனில் நெரிசல். ஆனால் அப்போதும் உடனே காசு சேர்க்க வேண்டாம். மெஷின்கள் தானாக அப்டேட் இறக்குகின்றனவா, ஆசிரியர் ஓய்வறையில் அதே வைபையில் யூடியூப் ஓடுகிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தியும் இறங்காவிட்டால், பெரிய லைன் பற்றிக் கதைக்க அப்போது நியாயம் இருக்கிறது.

மூன்று. சேர்வருக்குள் போய் டொப் என்ற கட்டளையைப் போடுங்கள். மெமரி முடிந்து டிஸ்க்கை மெமரியாகப் பாவிக்கத் தொடங்கியிருந்தால், ஒரே சேர்வரில் முப்பது பேர் பிரவுசர் திறந்ததுதான் காரணம். அதற்கும் லைனுக்கும் சம்பந்தமில்லை.

சரி, தீர்வு என்ன?

முதல் தீர்வு, ஜன்னல் திறக்கும் மென்பொருளை ஜெர்மனியில் ஓட்டாமல் இருப்பது. பைதனும் அதனுடன் வரும் ஐடிலும் பழைய மெஷினிலேயே ஓடும். லிப்ரே ஒபிஸ் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், ஆனால் திறந்த பிறகு எழுத்து உடனே விழும். தூரத்தில் வைக்க வேண்டியது பைல்களை மட்டும்தான்.

"முப்பது மெஷினையும் தனித்தனியாக யார் பராமரிப்பது? ஒரு சேர்வர் என்றால் லேசுதானே?" என்று சங்கத்தில் ஒரு காக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பதில், சேர்வரை லேபுக்குள்ளேயே வையுங்கள். மெமரி கூட்டிய ஒரு நல்ல மெஷின், ஒரு சுவிட்ச், கேபிள். எல்.டி.எஸ்.பி. என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே 1999இல் தொடங்கியது. பராமரிப்பு ஒரே இடத்தில், பிங் ஒரு மில்லிசெக்கன்டுக்குள். லைன் அறுந்தாலும் பாடம் நடக்கும்.

மூன்றாவது, தூரத்துச் சேர்வரைக் கட்டாயம் பாவிக்கத்தான் வேண்டும் என்றால், வெறும் எக்ஸ்11 கடத்தலை விடுங்கள். எக்ஸ்பிரா, எக்ஸ்2கோ, வி.என்.சி. எல்லாம் இலவசம். கேள்வி பதில்களை சேர்வருக்குள்ளேயே முடித்துவிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகின்றன. லைன் அறுந்தாலும் பிள்ளையின் வேலை அங்கே அப்படியே இருக்கும், திரும்ப இணைத்தால் தொடரலாம். விண்டோஸ் சேர்வர் என்றால் ரிமோட் டெஸ்க்டொப்பில் வோல்பேப்பர், அனிமேஷன் எல்லாவற்றையும் நிறுத்தி, நிறத்தையும் குறைத்து வையுங்கள். ஆனால் எதைப் போட்டாலும் 170 என்பது 170தான். எழுத்துப் பிந்தித்தான் விழும்.

எஸ்.எஸ்.எச்.இல் கம்பிரஷன் போட்டால் சரியாகும் என்று குரூப்பில் ஒரு தம்பி எழுதியிருந்தார். மெதுவான லைனுக்கு அது உதவும். வேகமான லைனில் அது வேலையை இன்னும் மெதுவாக்கும் என்று எஸ்.எஸ்.எச். கையேடே சொல்கிறது. போய்வரும் தடவையை அது குறைக்காது.

இப்போது சங்கத்துக்கு நேரடியாகச் சொல்கிறேன். ஊர்க் காசு அமானிதம். மீன் விற்கிறவரும், தையல் தைக்கிற தாத்தாவும், வெளிநாட்டில் வெயிலில் நிற்கிற பிள்ளையும் கொடுப்பது. பெரிய பெக்கேஜ் ஒருதடவைச் செலவில்லை, மாதா மாதம் கட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் மெனு ஐந்து செக்கன்டில்தான் திறக்கும். அப்போது ஜனங்கள் "கொம்பியூட்டருக்குக் கொடுத்தது எல்லாம் வீண்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். உண்மையிலேயே தேவை வருகிற நாளில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

ஆகவே பெற்றோர்களே, பழைய மாணவர்களே, அடுத்த கூட்டத்தில் மூன்று இலக்கம் கேளுங்கள். காலி லேபில் பிங் எவ்வளவு? நிறைந்த லேபில் பிங் எவ்வளவு? சேர்வரில் மெமரி எவ்வளவு மிச்சம்? கம்பனிக்காரரையும் வரச்சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று இலக்கமும் லைன்தான் குற்றவாளி என்று சொன்னால், முதல் ரிசீட்டை எனது பெயரில் எழுதுங்கள். அதுவரை புத்தகம் மூடியே இருக்கட்டும்.

மறுப்பு இருந்தால் கொமென்டில் எழுதுங்கள். இலக்கத்தோடு எழுதுங்கள்.