வேரைத் தீண்டும் அலுமினியம்

அலுமினியம் என்றால் சமையலறைப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியின் செம்மண்ணிலும் அது உண்டு, களிமண்ணோடு கட்டுண்டு. கொட்டும் மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுவதால் கேரள மண்ணின் பெரும்பகுதி புளித்துக் கிடக்கிறது. பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரையத் தொடங்கும். முதலில் அடிபடுவது வேர்நுனி. வேர் கட்டையாகிவிடும். ஆழத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடும்.

வயலில் தண்ணீர் நிற்கும்வரை இந்தத் தொல்லை தெரிவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் புளிப்பு தானாகவே தணிய, அலுமினியம் அடங்கிவிடும். அங்கே நெல்லுக்கு எதிரி இரும்புதான். ஆனால் 1974-75ல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு, 2015-16ல் 2 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வயல்களை நிரப்புவதைத் தடுக்கச் சட்டம் வந்ததே 2008ல்தான். இழந்த வயலுக்கு ஈடாகத் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கரநெல் விதைக்கலாம். மழையை நம்பி மேட்டு நிலத்தில் விளையும் நெல் அது. ஆனால் நெல் மேடேறினால் அலுமினியமும் விழித்துக்கொள்ளும்.

கைகண்ட மருந்து சுண்ணாம்பு. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ, முதல் உழவில் 350, ஒரு மாதம் கழித்து 250 என்பது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஆனால் அது மேல்மண்ணோடு நின்றுவிடும். அடிமண்ணின் புளிப்பு அப்படியே இருக்கும்.

மீதி வேலையை விதைதான் செய்ய வேண்டும். தாக்குப்பிடிக்கும் கோதுமையின் வேர் மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தை வெளியிலேயே கட்டிப்போடும். இதற்கான மரபணு 2004ல் கண்டறியப்பட்டது. சோளம் இதையே சிட்ரிக் அமிலத்தால் செய்கிறது என்பது 2007ல் தெரியவந்தது. தானியங்களிலேயே அதிகம் தாங்குவது நெல். அதன் உத்தி வேறு. அலுமினியத்தைச் செல்லுக்குள் இழுத்து, தனி அறையில் பூட்டிவிடுகிறது. உள்ளே இழுக்கும் வேலைக்கான மரபணுவை 2010ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அடையாளம் கண்டனர்.

ஆனால் எல்லா நெல்லும் ஒன்றல்ல. ஜப்பானியர் உண்ணும் ஜப்போனிகா வகையைவிட, நம் ஊர் இண்டிகா வகைக்குப் பொதுவாகத் தாங்கும் சக்தி குறைவு. இண்டிகாவிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இருப்பதால் பொறுக்கி எடுக்க இடமிருக்கிறது.

பிரேசில் தன் செராடோ சமவெளியில் சுண்ணாம்பு, தாங்கும் விதை இரண்டையும் சேர்த்தே தரிசைக் களஞ்சியமாக்கியது. அங்கே பண்ணைகள் பெரியவை. கேரளத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கில் அளக்கிறார்கள். சுண்ணாம்பை மீண்டும் மீண்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நல்ல விதையை ஒருமுறை கொடுத்துவிட்டால், அடுத்த போகத்துக்கு விவசாயி தானே எடுத்துவைத்துக்கொள்வார்.