எழ மறுக்கும் மடிக்கணினி

மறு அறையிலுள்ள மடிக்கணினி எந்நேரமும் கைக்கெட்ட வேண்டுமென்று, அதனை இரவு முழுவதும் ஓடவிட்டு மின்சாரத்தை விரயஞ் செய்வார் பலர். இது வேண்டாத செலவு. கணினி உறங்கினாலும் அதன் வலையமைப்பு அட்டை ஒரு செவியைத் திறந்து வைத்திருக்க வல்லது. 1995ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் விளக்கி வெளியிட்ட 'மாயப் பொதி'யே அதனை எழுப்புங் குரல். 'எஃப் எஃப்' என்னும் பைட் 6 முறையும், அட்டைக்குரிய முகவரி 16 முறையும் அதில் அடுக்கப்பட்டிருக்கும். தன் முகவரியைக் கேட்ட மாத்திரத்தில் அட்டை கணினியை எழுப்பிவிடும்.

லினக்ஸில் இயங்கும் மடிக்கணினி இங்ஙனம் எழாவிடில், அட்டை பழுதென்று உடனே தீர்மானித்தல் நன்றன்று. பெரும்பாலும் அவ்வட்டை தாய்ப்பலகையோடு பிணைந்தது. பலகையை மாற்றுவதாயின் செலவு பெரிது. ஆகவே நேயர்கள் பின்வரும் ஒழுங்கிற் பார்ப்பார்களாக.

முதலில், மின்னேற்றியும் வலையமைப்புக் கம்பியும் பொருத்தப்பட்டுள்ளனவா என்று நோக்குக. பற்றரியில் மட்டும் இருக்கையிற் பல மடிக்கணினிகள் இக்குரலுக்குச் செவிசாய்ப்பதில்லை. அடுத்து, பயாஸ் அமைப்பில் இதற்கான அனுமதி உண்டா என்று காண்க.

பின்னர் லினக்ஸில், நிர்வாகி உரிமையோடு 'ஈத்டூல்' என்னுங் கட்டளையை, அட்டையின் பெயருடன் இடுக. எழுப்புதல் பற்றி இரு வரிகள் தோன்றும். அட்டையின் ஆற்றலைக் கூறும் முதல் வரியில் 'ஜி' என்ற எழுத்து இருப்பின் அட்டைக்குத் திறமை உண்டு. இரண்டாவது இப்போதைய நிலை. அங்கே 'டி' இருப்பின் செவி அடைபட்டுள்ளது, 'ஜி' இருப்பின் திறந்துள்ளது. அதே கட்டளையால் 'டி'யை 'ஜி'யாக்கலாம்.

ஆயினும் பலரை மயக்குவது இதற்குப் பின்னரே. நேற்று எழுந்த கணினி இன்று எழாது. கட்டளையாற் செய்த மாற்றம் கணினியை மீண்டுந் தொடக்கியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். நெட்வேர்க் மனேஜரில் அக்கம்பி இணைப்புக்குரிய எழுப்பல் அமைப்பை 'மாஜிக்' என மாற்றினால் அது நிலைக்கும். பற்றரியைச் சிக்கனப்படுத்தும் 'டி.எல்.பி.' இருப்பின் அதனையும் பார்த்தல் வேண்டும். தடுக்கும்படி சொல்லாவிடினும் அது தானாகவே இவ்வசதியை அடைத்துவிடும். அதன் அமைப்புக் கோப்பிலே அத்தடையை நீக்குக.

சோதிக்கும்போது கணினியை முதலில் உறக்கத்தில் வைத்துப் பார்த்து, அதன் பின்னரே முற்றாக அணைத்துப் பார்க்க. உறக்கத்திலிருந்து எழுந்து, அணைத்த நிலையில் எழாதிருப்பின் அட்டை நலமாகவே உள்ளது. அம்மடிக்கணினியின் அமைப்பே அத்தகையது. அப்போது அணைக்காது உறங்கவிடுதலே போதும், பணமும் மிஞ்சும்.