சிப்பாய் வெட்டினால் டிராவா?

எட்கர் ரைஸ் பரோஸ் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு டார்ஜான்தான் நினைவுக்கு வரும். அவர் 1922-ல் 'தி செஸ்மென் ஆஃப் மார்ஸ்' என்றொரு நாவலும் எழுதினார். செவ்வாய் கிரகத்தில் ஆடுவதாக ஒரு சதுரங்கத்தைக் கற்பனை செய்து, அதன் விதிகளையும் புத்தகத்தின் கடைசியில் கொடுத்திருக்கிறார். ஆட்டத்தின் பெயர் ஜெட்டான்.

போன வாரம் பேரனும் நானும் அட்டையில் கோடு போட்டு, சட்டைப் பட்டன்களைக் காய்களாக வைத்து ஆடினோம். 100 கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். நம் சிப்பாயைப் போல அங்கே 'பந்தன்', அதாவது கூலிக்குப் போரிடும் வீரன். பக்கத்துக்கு எட்டுப் பேர்.

பேரனின் பந்தன் ஒன்று கட்டம் கட்டமாக நகர்ந்து வந்து என் தலைவனை வெட்டிவிட்டது. "ஜெயிச்சுட்டேன் தாத்தா!" என்று குதித்தான். விதியைப் பார்த்தேன். எதிரியின் இளவரசியை எந்தக் காய் பிடித்தாலும் வெற்றி. ஆனால் தலைவனைத் தலைவனே வெட்டினால்தான் வெற்றி. வேறு யார் வெட்டினாலும் டிரா. பையன் முகம் வாடிவிட்டது.

எனக்குப் பழைய நினைவு வந்தது. நான் குமாஸ்தாவாக இருந்தபோது, வருடக் கணக்கு டாலி ஆகாமல் மூன்று நாள் இழுத்தது. இரவு உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்தவன் நான். பாராட்டுக் கடிதம் அதிகாரிக்கு வந்தது. எனக்கு டிரா!

தலைவன் பின்னால் ஒளியாமல் தானே முன்னால் வந்து மோதட்டும் என்பதற்காக அந்த விதி இருக்கலாம். நல்ல எண்ணம்தான். அதற்காக, உயிரைப் பணயம் வைத்து வந்தவனின் வெற்றியைப் பாதியாக்குவது நியாயமா? நம் செஸ்ஸில் சிப்பாய் ராஜாவுக்கே செக்மேட் வைக்கலாம். கடைசிக் கட்டம் போனால் ராணியாகவும் ஆகலாம். ஜெட்டானில் பந்தன் கடைசிவரை பந்தன்தான்.

நாவலிலும் அதே கதை. கதாநாயகன் பந்தன் வேடத்தில் வருகிறான். உண்மையில் அவன் கத்தோல் நாட்டு அரசன் கஹான். நிஜமான பந்தன் ஒருவனை நாயகனாக்க பரோஸுக்கும் மனம் வரவில்லை போலும்.

நாங்கள் அந்த விதியை அடித்துவிட்டோம். எங்கள் வீட்டு ஜெட்டானில் தலைவனை யார் வெட்டினாலும் வெற்றிதான். முந்தாநாள் ஆட்டத்தையும் பேரன் கணக்கில் சேர்த்தாயிற்று. நான் தோற்றவன், ஆனாலும் மனசுக்கு நிறைவாக இருந்தது.