பனியில் ஒரு காலடித் தடம்

இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட். சிலபஸ், யூனிட் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. உங்க அம்மாவுக்கு உங்களைப் பத்தி எத்தனை பர்சன்ட் தெரியும்? மனசுக்குள்ள ஒரு மார்க் போட்டுக்கோங்க. அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டம். உங்க அம்மாவைப் பத்தி உங்களுக்கு எத்தனை பர்சன்ட் தெரியும்?

ரெண்டாவது பேப்பர்ல பாஸ் மார்க் தேறலைன்னா, உங்களுக்காகவே ஒரு துப்பறியும் நாவல் இருக்கு. பேரு 'தி டெண்டர்னெஸ் ஆஃப் வுல்வ்ஸ்'. தமிழ்ல சொன்னா, ஓநாய்களின் கனிவு. எழுதினவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்டெஃப் பென்னி. 2006-ல் வந்தது. அந்த வருஷத்தோட 'காஸ்டா' விருதுகள்ல மொத்தத்துக்கும் முதல் பரிசை இதுதான் தட்டிட்டுப் போச்சு. அவருக்கு இது முதல் நாவல் என்பது கூடுதல் வயித்தெரிச்சல்!

கதை நடப்பது 1867-ல், கனடாவின் வடக்குக் காட்டோரம். டவ் ரிவர் என்று ஒரு குடியிருப்பு. விரல் விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் வீடுகள். குளிர்காலம் தொடங்குற நேரம். லோரான் ஜாமே என்கிற பிரெஞ்சு வேட்டைக்காரர் தன் குடிசையில் கொலையாகிக் கிடக்கிறார். முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டு மிஸஸ் ராஸ். பதறி அடிச்சு வீட்டுக்கு வந்தால், அவரோட 17 வயசு மகன் ஃபிரான்சிஸைக் காணோம். ஒரு பிணம், காணாமல் போன ஒரு பையன். ஊர் என்ன கணக்குப் போடும்னு உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு சின்ன ஹிஸ்டரி கிளாஸ். தூங்கிடாதீங்க ப்ளீஸ்! கனடா என்கிற நாடு உருவானதே அதே 1867 ஜூலை 1-ம் தேதிதான். அதற்கும் வடக்கே, மேற்கே பரந்து கிடந்த நிலத்தில் பெரும்பகுதி 'ஹட்சன்ஸ் பே கம்பெனி' கையில். 1670-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் பட்டயம் எழுதிக் கொடுத்த கம்பெனி. நம்ம ஊருக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தம்பி மாதிரி வெச்சுக்கோங்க. இவங்க சரக்கு மிளகு, துணி இல்லை. பீவர், நரி மாதிரி விலங்குகளோட தோல். அதுக்காக இவங்க உரிமை கொண்டாடிய நிலம் மொத்த இந்தியாவை விடப் பெரிசு! அங்கே காலங்காலமா வாழ்ந்த பூர்வகுடிகளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. 1870-ல்தான் அந்த நிலம் கனடாவோடு சேர்ந்தது. கம்பெனி அப்புறமும் கடை கடையாகப் பிழைத்து, 2025-ல் கடைசிக் கடைக்கும் ஷட்டர் போட்டது.

ஆக, டவ் ரிவர் கொலையை விசாரிக்க வருவதும் கம்பெனி ஆட்கள்தான். அதில் டொனால்ட் மூடி என்று கண்ணாடி போட்ட ஒரு இளைஞன். படிச்சது கணக்கு எழுத, மாட்டியது கொலை கேஸ். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு வேலை சொல்லி, சேர்ந்ததும் வேற வேலை கொடுப்பாங்களே, அந்தக் கதைதான்.

மற்ற மர்ம நாவல்களில் கைரேகை, சிகரெட் துண்டுன்னு க்ளூ கிடைக்கும். இங்கே இருக்கிற ஒரே எவிடென்ஸ், பனியில் பதிந்த காலடி. அதுவும் எவ்வளவு நேரம்? அடுத்த பனி விழுந்தால் மொத்த டேட்டாவும் ஓவர்ரைட்! பேக்-அப் கிடையாது. உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, தடம் அழியறதுக்குள்ள நடந்தாகணும். நாவல் முழுக்க ஓடும் டென்ஷனே இதுதான்.

மிஸஸ் ராஸ் நடக்கிறார். மகன் மேல் விழுந்த பழியைத் துடைக்க, கொலைப் பழி சுமக்கும் இன்னொருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு. அவர் வில்லியம் பார்க்கர், பூர்வகுடி ரத்தம் கலந்த வேட்டைக்காரர். பனியைப் படிக்கத் தெரிந்தவர். ஊர் வாய்க்கு இது போதாதா? கல்யாணமான பொம்பளை, முன்பின் தெரியாத ஆளோடு காட்டுக்குள் போயிட்டாள்! அந்தப் பேச்சைப் பத்தி அந்தம்மா கவலைப்படவே இல்லை.

எனக்கு இந்தப் புத்தகம் பிடிச்சதுக்குக் காரணம், கொலையாளி யார் என்கிற சஸ்பென்ஸ் மட்டும் இல்லை. போகப் போக அந்தத் தாய்க்கு ஒரு விஷயம் உறைக்கிறது. ஃபிரான்சிஸ் அவர் எடுத்து வளர்த்த பிள்ளை. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கணப்பு. ஆனாலும் அவன் மனசுக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவன் மறைத்தது குற்றத்தை இல்லை. சொன்னால் இந்த வீடு தாங்காது என்று நினைத்த ஒரு விஷயத்தை. என்னன்னு நான் சொல்ல மாட்டேன், அடிக்க வந்துடுவீங்க. அந்தம்மாவுக்கும் ஊருக்குச் சொல்லாத ஒரு பழைய வாழ்க்கை உண்டு. பல வருஷம் முன்னாடி காட்டுக்குள் போன இரண்டு அக்கா தங்கை திரும்பவே இல்லை. அந்தக் குடும்பம் விழுங்கி வைத்திருக்கும் துக்கம் தனிக் கதை.

இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை ரகசியம் எப்படி நிக்குது? என் கணக்கு இது. குளிர்காலத்தில் விறகு, மாவு, மருந்து எல்லாத்துக்கும் பக்கத்து வீட்டை நம்பித்தான் வாழணும். முறைச்சுக்கிட்டால் பிழைக்க முடியாது. அதனால் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. 'எதுக்கு வீணா பிரச்னை' என்று நம்ம வீடுகளில் பேச்சை மாத்துவாங்களே, அதே டெக்னிக்தான். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. ஃபிரான்சிஸ் வாய் திறந்து ரெண்டு வார்த்தை சொல்லும் தைரியத்தை அந்த வீடு கொடுத்திருந்தால், ஒரு தாய் உறைபனியில் அத்தனை தூரம் நடந்திருக்க வேண்டாம்.

இன்னொரு மேட்டர். இதை எழுதும் வரைக்கும் ஸ்டெஃப் பென்னி கனடா பக்கமே போனதில்லை! அவருக்கு அப்போ அகோராஃபோபியா. வீட்டை விட்டு வெளியிடங்களுக்குப் போகவே பயமுறுத்தும் பிரச்னை. லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் உட்கார்ந்து, அந்தக் காலத்து ஆவணங்களைப் படிச்சுப் படிச்சே அந்தக் காட்டைக் கட்டி எழுப்பினார். வெளியே போகப் பயந்த ஒருத்தர், எல்லை இல்லாத வெட்டவெளிக்குள் ஒரு தாயை நடக்கவிட்டிருக்கார். புராஜெக்ட் பண்ண லேப்ல வசதி இல்லைன்னு புலம்பறோமே, கொஞ்சம் யோசிப்போமா?

ஒரு டிப்ஸ். முதல் ஐம்பது பக்கத்தில் பெயர்கள் வரிசை கட்டி வரும். ரஃப் நோட்டில் யார் யாருக்கு என்ன உறவுன்னு ஒரு ப்ளாக் டயக்ராம் போட்டுக்கோங்க. அப்புறம் நாவலே உங்களை இழுத்துட்டுப் போயிடும். இன்டர்னல்ஸுக்கு முந்தின ராத்திரி மட்டும் கையில் எடுக்காதீங்க.

படிச்சு முடிச்ச கையோட ஒரு ஹோம்வொர்க். இந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட, "உனக்கு என் வயசு இருந்தப்போ என்னவா ஆகணும்னு நினைச்சே?"ன்னு கேளுங்க. "போடா, வேலையைப் பாரு"ன்னுதான் முதல்ல பதில் வரும். கிச்சனை விட்டு நகராமல் நில்லுங்க. ரெண்டாவது பதில் வரும்.

அடுத்த வாரம் வேற புத்தகத்தோட மீட் பண்ணுவோம்!