வேலியில்லாத மலைகளில் தனித்த மருந்து பயன் தருமா?

பிரித்தானியாவின் ஓர் அங்கமான வேல்ஸில் வாழும் மக்களின் தொகை சுமார் 31 இலட்சமாகும். அங்குள்ள செம்மறியாடுகளின் தொகையோ அதனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். பயிர்ச் செய்கைக்கு உதவாத குளிர்ந்த மலைச்சாரல்களில் மந்தை வளர்ப்பைத் தவிர வேறு வாழ்வாதாரத்தை அறியாத பல்லாயிரம் குடும்பங்கள் இன்று நெருக்கடியொன்றை எதிர்கொண்டு நிற்கின்றன.

2024 மார்ச் மாதத்தில் கார்டிப் நகரிலுள்ள வேல்ஸ் பாராளுமன்றத்தின் படிகளில் விவசாயிகள் 5,500 சோடி இறப்பர் சப்பாத்துகளை வரிசையாக வைத்துத் தமது எதிர்ப்பை வெளிப்படுத்தினர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகிய பின்னர் முன்மொழியப்பட்ட புதிய மானியத் திட்டத்தினால் இழக்கப்படக்கூடுமென மதிப்பிடப்பட்ட தொழில்களின் எண்ணிக்கையே அது. ஒவ்வொரு பண்ணையிலும் நூற்றுக்குப் பத்து வீத நிலத்தில் மரங்கள் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை பின்னர் கைவிடப்பட்டது. எனினும் புதிய திட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததுடன், பழைய கொடுப்பனவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகின்றது. ஆகவே, மலை விவசாயி தனது மந்தையிலிருந்தே கூடுதல் வருமானத்தைத் தேட வேண்டியவராகின்றார்.

ஆனால் மந்தையைப் பெருக்குவதால் வருமானம் பெருகிவிடாது. மலைப் புல் அதனைத் தாங்காது. இருக்கின்ற ஆடுகளின் உடல்நலத்தைப் பேணுவதே ஒரே வழி. கடாவுடன் சேர்க்கப்படும் இலையுதிர் காலத்தில் தாய் ஆடு நல்ல உடற்கட்டுடன் இருந்தாலன்றி வசந்த காலத்தில் திடமான குட்டி பிறப்பதில்லை. மெலிந்த தாயிடம் கடும்புப்பாலும் குறைவு. அதனைப் பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் போதியளவு அருந்தாத குட்டி, மலைக்குளிரில் பிழைப்பது அரிது.

இவ்வாறு தாயை மெலிய வைக்கும் நோய்களுள் மிகவும் கொடியது செம்மறிச் சொறி நோயாகும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறிய உண்ணியொன்று தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து தாங்கொணா அரிப்பை ஏற்படுத்துகின்றது. ஆடு மேய்ச்சலை மறந்து கம்பங்களில் உரசி உரசித் தன் உரோமத்தையும் இழக்கின்றது. கம்பத்திலும் முட்கம்பியிலும் ஒட்டிய உரோமத்தில் இந்த உண்ணி இரண்டு வாரங்களுக்கு மேலாக உயிர் வாழக்கூடியது.

இந்நோய் 1952இல் பிரித்தானியாவிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டிருந்தது என்பதே கவனத்திற்குரியது. 1973இல் அது மீண்டும் தலைகாட்டியபோது, ஆடுகளை மருந்து நீரில் முக்கியெடுப்பது சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. 1992இல் அரசாங்கம் அக்கட்டாயத்தை நீக்கி, பொறுப்பை ஒவ்வொரு விவசாயியிடமும் ஒப்படைத்தது. அன்று முதல் நோய் நாடெங்கும் நிலைகொண்டுவிட்டது.

இதற்கான காரணம் மலையின் இயல்பிலேயே உள்ளது. அங்குள்ள பொது மேய்ச்சல் நிலங்களில் பல பண்ணைகளின் மந்தைகள் வேலியின்றி அருகருகே மேய்கின்றன. தனது எல்லையைத் தாயிடமிருந்து கற்றுக்கொண்ட ஆடு பெரும்பாலும் அதனைத் தாண்டிச் செல்வதில்லை. ஆயினும் அயல் மந்தையின் ஓர் ஆடு உரசிச் சென்றாலே போதும். ஒருவர் தமது முந்நூறு ஆடுகளுக்கும் செலவழித்து மருந்திட, அயலவர் வாளாவிருப்பாராயின் சில வாரங்களில் அச்செலவு வீணாகின்றது. குளிர்காலத்திற்காகத் தாழ்நிலங்களுக்கு அனுப்பப்படும் ஆடுகளும் சந்தையில் வாங்கப்படும் ஆடுகளும் நோயைத் தொலைதூரங்களுக்கும் கொண்டு செல்கின்றன.

மருந்துகளும் முன்னரைப் போல் கைகொடுப்பதில்லை. மருந்துக் குளியலுக்குப் பதிலாகப் பலரும் நாடிய ஊசி மருந்துகளுக்கு உண்ணிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றுள்ளமை 2018இல் வெளிப்படுத்தப்பட்டது. இதே ஊசிகள் குடற்புழுக்களுக்கும் எதிரானவை. ஆகவே சொறிக்கென அவற்றை அடிக்கடி செலுத்தும்போது, புழுக்களும் அம்மருந்துக்குப் பழகிவிடுகின்றன. எஞ்சியிருப்பது ஓகனோபொஸ்பேற்று மருந்துக் குளியலாகும். அதுவும் கையாள்பவரின் உடல்நலத்திற்கும் நீர்நிலைகளுக்கும் ஆபத்தானது. அம்மருந்தினால் தமது ஆரோக்கியம் சீர்குலைந்ததென முன்னாளில் அதனைக் கையாண்ட பலர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். எனவே பயிற்சி பெற்றோரிடமே அப்பணி விடப்பட வேண்டும்.

இந்நிலையில் வேல்ஸ் அரசாங்கம் 45 இலட்சம் பவுண் செலவில் 2023இல் ஆரம்பித்த சொறி ஒழிப்புத் திட்டம் சரியான திசையில் வைக்கப்பட்ட அடியாகும். நோய் உறுதிசெய்யப்பட்ட பண்ணையுடன் நில்லாது, அதனைச் சூழவுள்ள பண்ணைகளையும் இலவசமாகப் பரிசோதித்து, நடமாடும் மருந்துக் குளியல் குழுக்களைக் கொண்டு சிகிச்சையளிப்பதே அதன் அடிப்படையாக இருந்தது. ஸ்கொட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இரத்தப் பரிசோதனை, அரிப்பு வெளிப்படும் முன்னரே, நோய் தொற்றிய இரண்டு வாரங்களுக்குள் அதனைக் காட்டிக்கொடுக்கின்றது.

வரி செலுத்துவோரின் பணத்தைத் தனியாரின் ஆடுகளுக்காக ஏன் செலவிட வேண்டுமெனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் தனித்தனிப் பொறுப்பு என்ற கொள்கை 1992 முதல் பரீட்சிக்கப்பட்டுத் தோல்வி கண்டுள்ளது. நோயை அவமானமாகக் கருதி மறைக்கும் பண்ணையாளர், தனக்கு மட்டுமன்றி ஊருக்கே தீங்கிழைக்கின்றார். ஸ்கொட்லாந்தில் 2010 முதல் நோயை அறிவிப்பது சட்டக் கடமையாக்கப்பட்டுள்ளது. ஆனால் அறிவித்தவருக்கு உதவியும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவிடத்துச் சட்டம் மட்டும் மௌனத்தைக் கலைத்துவிடாது.

இம்மந்தைகளின் நலன் மலையோடு முடிவதுமல்ல. 2021 குடிசன மதிப்பீட்டின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6.5 வீதமாகவுள்ள முஸ்லிம் மக்கள், தமது தொகை விகிதத்திற்கு மிக மேலாக ஆட்டிறைச்சியை நுகர்கின்றனர். ஹலால் சந்தையும் ஹஜ்ஜுப் பெருநாளும் மலை விவசாயிக்கு முக்கிய ஆதாரங்களாகியுள்ளன. குர்பானிக்குரிய பிராணி நோயற்றதாகவும் மெலிவற்றதாகவும் இருக்க வேண்டுமென்பது மார்க்க விதி. ஆரோக்கியமான மந்தை என்பது உற்பத்தியாளரினதும் நுகர்வோரினதும் பொது நலனாகும்.

ஆகவே, சொறி ஒழிப்புப் பணி ஒரு சில ஆண்டுகால நிதியுடன் நின்றுவிடலாகாது. 1952இல் பெற்ற வெற்றி கைநழுவியது மருந்து இல்லாமையால் அல்ல. விழிப்பும் கூட்டு முயற்சியும் தளர்ந்தமையாலேயாகும். ஒரே மலையில் மேய்க்கும் அனைவரும் ஒரே காலத்தில் மருந்திடுவதும், அதற்கு அரசு துணை நிற்பதும் தொடருமாயின் அந்த வெற்றியை மீண்டும் எட்டலாம். வேலியில்லாத நிலத்தில் அயலவரின் மந்தையும் நமது மந்தையே என்பதை மலை விவசாயிகளும் ஆட்சியாளர்களும் உணர வேண்டிய காலம் இதுவாகும்.