முழு உடல் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி கிடைக்குமா?

“டாக்டர், அம்மாவுக்கு ஒருமுறை உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.” புறநோயாளிகள் பிரிவில் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேட்பவரின் பாசத்தில் குறை ஏதுமில்லை. ஆயினும், நோய் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதே என் கருத்து.

“வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு எடுக்கிறார்களே?” என்று சிலர் வினவுவர். உண்மைதான். ஜெர்மனியின் ‘நாகோ’ ஆய்வில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. பிரிட்டனின் ‘யூகே பயோபேங்க்’ 2014-இல் தொடங்கி, 1 லட்சம் பேரின் மூளை, இதயம், வயிற்றுப் பகுதிகளைப் படம் பிடித்துள்ளது. ஆனால், பங்கேற்பவரின் நோயைக் கண்டறிவது இவற்றின் முதன்மை நோக்கம் அன்று. அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, பின்னாளில் மாரடைப்போ மறதிநோயோ வந்தவர்களின் பழைய படங்களில் முன்கூட்டியே என்ன மாற்றம் தெரிந்தது என்று ஆராய்கின்றனர். அதன் பயன் அடுத்த தலைமுறைக்கு உரியது.

அந்த ஆய்வே நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. யூகே பயோபேங்க்கில் முதல் 1,000 பேரின் படங்களை இரு முறைகளில் பார்த்தனர். படம் எடுத்த தொழில்நுட்பவியலாளர்கள் 18 பேரிடம் மட்டுமே கவலைக்குரியதாக எதையோ கண்டனர். கதிரியக்க மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் முறையாக ஆராய்ந்தபோது அந்த எண்ணிக்கை 179 ஆயிற்று. தொடர்ந்து பரிசோதித்ததில், அவற்றுள் பெரும்பாலானவை கடுமையான நோய் அல்ல என்றே தெரியவந்தது. இடைப்பட்ட நாள்களில் அக்குடும்பங்கள் எப்படித் தவித்திருக்கும் என்பதை, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த அனுபவம் உள்ள நீங்கள் நன்கு அறிவீர்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை. ஆகவே தீங்கும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தெளிவற்ற ஒரு புள்ளி தென்பட்டால், மறு ஸ்கேன், ஊசிவழித் திசுப் பரிசோதனை, சில வேளைகளில் தேவையற்ற அறுவை சிகிச்சை என்று பாதை நீளும். மாறாக, படம் தெளிவாக இருந்தாலும் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ அதில் தெரியாது. மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான வழக்கமான பரிசோதனைகளுக்கும் அது மாற்றாகாது.

விதிவிலக்குகள் உண்டு. லி-ஃபிராமெனி போன்ற மரபுவழிப் புற்றுநோய்க் குறைபாடு உள்ளோருக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. பரிந்துரைக்கப்படுகிறது. நோய் அறிகுறியின் காரணமாக உங்கள் மருத்துவர் ஸ்கேன் கேட்டிருந்தால், இக்கட்டுரையைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்கள் விளம்பரத்தைக் கண்டு முன்பதிவு செய்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் ஏதேனும் தெரிந்தால் அடுத்து என்ன செய்வோம்?” அதற்குத் தெளிவான விடை இல்லையெனில், அம்மாவின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, அவர் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்று விசாரியுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய மேலான பரிசோதனை.