பட்டன் இருக்கு... வயசு என்ன?

வேதாரண்யத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று கேட்பீர்கள். ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிடித்த வியாதி அங்கேயும் உண்டு. ஓடாமல் நிற்பதுதான் அந்த வியாதி. சிங்கப்பூரில் இருப்பவரின் கார் கொட்டகையில் மாதக்கணக்கில் தூங்கும். அவர் லீவில் வந்ததும், மொத்தக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறக்கும்.

"டயர் எப்படிப்பா?"

"பட்டன் அப்படியே இருக்குண்ணே. முன்னாடி உள்ளதைப் பின்னாடி மாத்திப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்!"

இந்த 'இன்னும் ரெண்டு வருஷம்' இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

டயரை இடம் மாற்றிப் போடுவது நல்ல பழக்கம்தான். முன் சக்கரம் சீக்கிரம் தேயும். மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும். ஆனால் அது தேய்மானத்துக்கு வைத்தியம், வயதுக்கு அல்ல. வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து, நிற்கிற வண்டியின் ரப்பரையும் இறுக வைத்து வெடிப்பு விட வைக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ரோட்டையே பார்க்காத ஸ்டெப்னிக்குப் பத்து வயது ஆகியிருக்கலாம்!

2013-ல் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் இறந்தது 2005-ம் வருஷத்து போர்ஷே கரேரா ஜிடி காரில். அந்த மாடலில் முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 20. முன்னும் பின்னும் மாற்றவே முடியாது. விபத்துக்கு முதல் காரணம் வேகம்தான். ஆனால், டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும் விசாரணை அதிகாரிகள் சேர்த்தே சொன்னார்கள்.

2012-ல் இங்கிலாந்தில் ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அந்த டயருக்கு 19 வயதுக்கு மேல்! பட்டன் என்னவோ சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடாமல் போராடினார். 2021 முதல், பஸ், லாரிகளின் முன் சக்கரத்தில் பத்து வயது டயருக்கு அங்கே தடை.

நம் ஊரில்? காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்கிறோம். வயதை யார் கேட்கிறோம்? பழைய டயரைத் துடைத்து, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்றால், விலையை மட்டும் பேரம் பேசி வாங்கி வருகிறோம்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால், 2014-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும். ஆறு வயதானால் மாற்றச் சொல்கின்றன பல கார் கம்பெனிகள். பத்துக்கு மேல் பேச்சே கிடையாது.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. பஸ், வேனில் தொடங்கி டயருக்கு வயது வரம்பு வையுங்கள். பழைய டயரானாலும் பில்லில் அந்த நான்கு எண்களை எழுதியே தீர வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்.

ரெண்டு ரூபாய் மாத்திரைக்குத் தேதி பார்த்து வாங்குகிறோம். குடும்பத்தையே சுமக்கிற டயருக்குப் பார்க்க மாட்டோமா?